பூட்டிய வீட்டுக்கு வருஷ வேலை என்ன?

செட்டிநாட்டு ஊர்களில் ஆள் குறைவதைப் பற்றிப் பேச்செடுத்தால், மழை இல்லை, கண்மாய் தூர்ந்துபோச்சு, சீமைக்கருவேலம் அடைச்சிருச்சு என்றுதான் ஓடும். எல்லாம் உண்மைதான். மானாவாரி ஒருபோகத்தை நம்பி இளவட்டம் உட்கார்ந்திருக்காது. திருப்பூர், சிங்கப்பூர் என்று கிளம்பிவிடும். ஆனால் கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் வயலுக்கு வெளியிலும் கூலி இருந்தது. பெரிய வீடுகளை விழாமல் நிறுத்தி வைக்கிற கூலி. அது போனதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் பலர் பர்மாவில் வட்டித் தொழில் செய்தவர்கள். 1937-இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது, 1942-இல் ஜப்பான்காரன் நுழைந்தான், பிறகு நிலங்கள் நாட்டுடைமை ஆயின. கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன இடத்துப் பணம் நின்றது. குடும்பங்கள் சென்னை, கோவை என்று நகர்ந்தன. வீட்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாதே.

பூட்டிய வீட்டுக்கு முதல் எதிரி கூரை. குரங்கு ஓடினால் நாட்டு ஓடு நகரும். இரண்டு ஓடு விலகினால் போதும், ஐப்பசி அடைமழை, ஓட்டைத் தாங்கும் கைமரம் வழியாகச் சுவருக்குள் இறங்கும். பர்மாத் தேக்கு தாங்கும் என்பார்கள். தாங்கும்தான், ஆனால் சுவருக்குள் புதைந்த முனை காயாது. அங்கேதான் உளுக்கும். அடுத்தது முற்றத்து மடை. சருகு அடைத்தால் வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்கட்டில், தண்ணீர் கட்டி அஸ்திவாரம் ஊறும். மூன்றாவது, சுவர் வெடிப்பில் முளைக்கிற அரசங்கன்று. தலையை வெட்டிவிட்டால் மறுபடி துளிர்க்கும். வேரோடு எடுத்து, வெடிப்பில் சுண்ணாம்புச் சாந்து அடைக்க வேண்டும்.

சிமெண்ட் வேண்டவே வேண்டாம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், விடும். மேலே சிமெண்ட் பூசினால் உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் பக்கத்தில் உப்புப் பூத்து, பழைய பூச்சு பாளம் பாளமாக விழும். தெரிந்தும் பூசுகிறார்கள், ஒரே நாளில் வேலை முடிகிறதே! சுண்ணாம்பென்றால் கல்லை நீற்றி, ஊறப்போட்டு, சலித்து, மணலோடு கடுக்காய், கருப்பட்டித் தண்ணீர் விட்டு அரைக்கணும். கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றணும். தொடர்ந்து வேலை கிடைக்காததால் கை தெரிந்த கொத்தனார் காரைக்குடிக்குக் கான்கிரீட் போடப் போகிறார். மகனுக்கு இந்த வேலையே தெரியாது.

வீட்டுக்காரர்களிடம் காசு இல்லையா? பல வீட்டில் சிக்கல் காசு அல்ல, பங்காளிகள் எல்லாருடைய கையெழுத்து. தலைமுறைக்குத் தலைமுறை புள்ளி, அதாவது கல்யாணமான குடும்பங்கள், பெருகி, ஒரே வீட்டில் இருபது பங்கு என்பது சாதாரணம். 1989-க்குப் பிறகு பெண் மக்களுக்கும் சம உரிமை. நியாயமான சட்டம்தான், கையெழுத்து கூடியதும் நிஜம்தான். எவரும் செலவழிக்காமல், கடைசியில் எல்லாரும் சேர்ந்து இடிக்கச் சம்மதிக்கிறார்கள். தூணும் நிலைக்கதவும் காரைக்குடி பழம்பொருள் கடைக்குப் போகும். இடிக்கிற ஆளுக்குச் சில வாரக் கூலி. ஓடு மாற்ற, பெருக்க, காவல் காக்க என்று வருஷா வருஷம் அந்த வீடு கொடுத்த கூலி அதோடு சரி. ஹோட்டலாக்கினால் எல்லாம் சரியாகும் என்பது பாதிதான் சரி. கோடையில் அறை காலியாகக் கிடந்தால் ஆளைக் குறைப்பார்கள்.

நடக்கக்கூடிய வழி ஒன்று உண்டு. பராமரிப்புக்கு மட்டும் ஒரு பங்காளிக்கு அதிகாரம் கொடுத்து எழுதுங்கள். விற்கவோ அடகு வைக்கவோ உரிமையில்லை, பங்கு மாறாது என்று அதிலேயே போடுங்கள். மற்ற பங்காளிகளுக்குப் பயம் அங்கேதான். பங்குக்கு இவ்வளவு என்று கூட்டுக் கணக்கில் போடுங்கள். மாதம் இரண்டு நாள் எல்லாக் கதவையும் திறந்து காற்றோட்டம் விட, மடை சுத்தம் பண்ண, உள்ளூர்ப் பெண்ணுக்கு நிரந்தரச் சம்பளம் வையுங்கள். ஒரே வீட்டு வேலை கொத்தனாருக்குப் போதாது. தெருவில் நாலைந்து வீடு சேர்ந்து ஒரே கொத்தனார் குழுவை வருஷ ஒப்பந்தத்தில் பேசினால்தான் அவர் ஊரில் தங்குவார். கூரை வேலை புரட்டாசிக்குள் முடியணும். அதற்கு வைகாசியிலேயே சுண்ணாம்பு ஊறணும், முன்பணமும் அப்போதே கொடுக்கணும். ஆவணியில் கூப்பிட்டால் அவர் வேறு வேலைக்கு ஒப்புக்கொண்டிருப்பார்.