கேட் தேர்வுக்கு கேஷ், ஐநோட், டிஸ்க்: மூன்றையும் சேர்த்துப் படியுங்கள்

கேட் என்கிற பொறியியல் மேற்படிப்பு நுழைவுத் தேர்வில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்குப் படிக்கிற பலர் கேஷ் மெமரியை (பிராசஸருக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய, வேகமான நினைவகம்) ஒரு பாடமாகவும், ஃபைல் சிஸ்டத்தையும் டிஸ்கையும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோடு வேறொரு மாதத்திலும் படிக்கிறார்கள். நான் மூன்றையும் ஒன்றாக வைத்துத்தான் படித்தேன், உங்களுக்கும் அதையே சொல்வேன், ஏனென்றால் அடியில் ஓடுகிற கணக்கு ஒன்றே, 2இன் அடுக்குகள். அடுக்கு 10 என்றால் கேபி, 20 எம்பி, 30 ஜிபி, 32 என்றால் 4 ஜிபி. இது யோசிக்காமல் வரவேண்டும், அதுவரை ஃபார்முலா பக்கமே போகாதீர்கள்.

கேஷில் பாருங்கள். 32 பிட் முகவரி, 32 கேபி டைரக்ட் மேப்டு கேஷ் (ஒவ்வொரு மெமரி பிளாக்குக்கும் கேஷில் ஒரே ஒரு இடம்தான்), பிளாக் 64 பைட். 64 என்பது 2இன் அடுக்கு 6, ஆக பிளாக்குக்குள் எந்த பைட் என்று சொல்லும் ஆஃப்செட் 6 பிட். 32 கேபியை 64ஆல் வகுத்தால் 512 லைன், எந்த லைன் என்று சொல்லும் இன்டெக்ஸ் 9 பிட். 32இல் மிச்சம் 17 பிட் டேக், அந்த லைனில் இருப்பது எந்த பிளாக் என்று அது சொல்லும். அவ்வளவுதான்.

ஐநோடுக்கு, அதாவது ஃபைல் சிஸ்டம் ஒவ்வொரு ஃபைலுக்கும் வைத்திருக்கும் விவரப் பதிவுக்கு, நிறைய நேரம் கொடுங்கள், அது தகும். ஃபைலின் அளவு, உரிமைகள், எந்தெந்த பிளாக்கில் கிடக்கிறது என்பதெல்லாம் ஐநோடில் இருக்கும், ஆனால் பெயர் மட்டும் இருக்காது, அது டைரக்டரியில் இருக்கும். லினக்ஸ் இருந்தால் ஒரு ஃபைலுக்கு ஹார்டு லிங்க் (அதே ஃபைலுக்கு இன்னொரு பெயர்) போட்டு இரண்டு பெயரின் ஐநோட் எண்ணையும் பாருங்கள், ஒரே எண் வரும், ஒரு பெயரை அழித்தாலும் மற்றதில் ஃபைல் அப்படியே திறக்கும். இதைக் கண்ணால் பார்த்தவருக்கு லிங்க் கேள்விகளில் குழப்பமே வராது. அப்புறம் கணக்கு: பிளாக் 4 கேபி, பாயின்டர் (ஒரு பிளாக்கின் முகவரி) 4 பைட் என்றால் ஒரு பிளாக்கில் 1,024 பாயின்டர். 12 டைரக்ட் பாயின்டர் 48 கேபிதான் தரும், பாயின்டர்கள் நிறைந்த ஒரு பிளாக்கைக் காட்டும் சிங்கிள் இன்டைரக்ட் 4 எம்பி, டபுள் 4 ஜிபி, ட்ரிப்பிள் 4 டிபி. ஒவ்வொரு படிக்கும் 1,024 மடங்கு, இதில் மனப்பாடம் செய்ய என்ன இருக்கிறது?

டிஸ்க் சுலபம். நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் விநாடிக்கு 120, ஒரு சுற்றுக்கு 8.33 மில்லி விநாடி, சராசரி ரொட்டேஷனல் லேட்டன்சி (வேண்டிய இடம் சுற்றி வரும்வரை காத்திருக்கும் நேரம்) அதில் பாதி. அலகில் மட்டும் கவனம். கடையில் 1 டிபி என்று விற்கிற டிஸ்க் விண்டோஸில் சுமார் 931 ஜிபி என்று காட்டுவது எதனால்? தயாரிப்பாளர் 10இன் அடுக்கில் எண்ணுகிறார், விண்டோஸ் 2இன் அடுக்கில். கேள்வியில் எந்தக் கணக்கு சொல்லியிருக்கிறது என்று பார்த்துவிட்டே பேனாவை எடுங்கள்.

விடையை எண்ணாகத் தட்டச்சு செய்யும் கேள்விகளுக்கு நெகட்டிவ் மார்க் கிடையாது, அதனால் காலியாக விடவே விடாதீர்கள். ஆனால் அங்கே ஆப்ஷனும் கிடையாது, பிட்டையும் பைட்டையும் மாற்றிப் போட்டால் காட்டிக்கொடுக்க எதுவும் இருக்காது, ஆகவே ரஃப் தாளில் ஒவ்வொரு வரியிலும் அலகை எழுதிப் பழகுங்கள். பழைய வினாத்தாள்களில் முதலில் கேஷ் கேள்விகளை முடியுங்கள், கை ஓடியதும் ஐநோடுக்கு வாருங்கள், டிஸ்க் கடைசியில் போதும்.