ஈமு மோசடிப் படத்தை எடிட் செய்தபோது

பெருந்துறை ஈமு கோழி மோசடி பற்றிய ஓர் ஆவணப்படம், எடிட்டிங் என்னுடையது. 2012-இல் அந்த நிறுவனங்கள் படுத்தபோது பேராசை பெருநஷ்டம் என்றுதான் ஊரே பேசியது. எங்கள் பின்னணிக் குரலிலும் அதே வரி இருந்தது. அதைத் தூக்கியே ஆகவேண்டும் என்று இயக்குநரோடு மல்லுக்கட்டினேன்.

பேட்டிகளை மணிக்கணக்கில் திரும்பத் திரும்பப் பார்த்தவன் நான். ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு குஞ்சு, கொட்டகை, தீவனம், பராமரிப்புக்கு மாதம் 6,000 ரூபாய், வருடத்துக்கு 20,000 போனஸ், ஒப்பந்தம் முடிந்தால் கட்டிய பணமும் திரும்ப வரும் என்பது திட்டம். கூட்டிப் பார்த்தால் வருடத்துக்கு 92,000, போட்ட பணத்தில் 60 சதவீதத்துக்கும் மேல். ஈமு கறிக்கு இங்கே சொல்லும்படி சந்தையே இல்லை, புதிதாகச் சேர்ந்தவர் கட்டியதை எடுத்துத்தான் பழையவருக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

இதுகூடத் தெரியாதா என்று கேட்கலாம். ஒரு அம்மா பாஸ்புக்கை விரித்து, வரவு வரிகளில் விரலை வைத்துக்கொண்டே வருகிறார். முதல் சில மாதங்கள் சொன்னபடி பணம் ஏறியிருக்கிறது, அதைப் பார்த்துத்தான் அவர் தம்பியும் நிலத்தை அடமானம் வைத்துச் சேர்ந்திருக்கிறார். சினிமா முகங்கள் வந்த விளம்பரம் வேறு. இவரையா பேராசைக்காரர் என்பது? அந்த ஷாட் நீளம், வெட்டு என்றார்கள். நான் வெட்டவில்லை, கணக்கு எண்ணை மட்டும் மங்கலாக்கினேன்.

ஏமாற்றியவனின் பேராசைக்குத்தான் காட்சியே கிடைக்காது. கைவிடப்பட்ட பறவைகளுக்கு அரசே தீவனம் போட வேண்டிவந்தது, அந்தப் படங்கள் நிறையக் கிடைத்தன, பார்க்கவும் பாவமாக இருக்கும். ஆனால் அதையே காட்டிக்கொண்டிருந்தால் ஏதோ கோழிப்பண்ணை நொடித்துப்போன கதை மாதிரி ஆகிவிடும். அதனால் பறவைகளைக் குறைத்து, அந்த 92,000 கணக்கைத் திரையில் ஒவ்வொரு வரியாகப் போட்டோம்.

அப்புறம் சட்டம். 90-களில் பைனான்ஸ் கம்பெனிகள் கவிழ்ந்த பிறகு, முதலீட்டாளர்களைக் காப்பதற்கென்றே 1997-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது, சொத்தை முடக்கலாம், ஏலம் விட்டுப் பணத்தைப் பிரித்துக் கொடுக்கலாம். அது வந்து 15 வருடம் கழித்துத்தான் ஈமு கவிழ்ந்தது. பேராசை என்ற வரி இருந்த இடத்தில் இப்போது இந்தத் தகவல் இருக்கிறது, இயக்குநரே தன் குரலில் படித்தார்.