உருண்டையாகக் கிடந்த பாம்பும் ஒரு கேள்வியும்

"நான் தொடாம இருக்கிறதுதான் அதுக்கு நல்லதுன்னா, தொடுறதுக்கு ஏன் டாக்டர் பழக்கணும்?"

கேட்டவர் கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் அன்றே மறந்திருப்பேன்.

அவர் கொண்டுவந்தது பால் பைத்தான் (ball python). பால் என்றால் பந்து; பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும் பாம்பு. ரிசப்ஷனில் 'மலைப்பாம்பு' என்று எழுதியிருந்தார்கள், மாற்றச் சொன்னேன். நம்மூர் மலைப்பாம்பு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, வீட்டில் வைத்தால் ஜெயில்தான். இது ஆப்பிரிக்க இனம், மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்து வளர்க்கலாம். டப்பாவைத் திறந்தால் தலையை நடுவில் செருகி உருண்டையாகக் கிடந்தது. வாங்கிய நாளிலிருந்து ஆபீஸ் விட்டு வந்ததும் கையில் எடுத்துக் கொஞ்சியிருக்கிறார். எலி வைத்தால் சீண்டுவதில்லை, மூடியைத் திறந்தால் சீறுகிறது.

எல்லோருக்கும் சொல்வதையே சொன்னேன். இரண்டு வாரம் கையே வைக்காதீர்கள், தண்ணீர் மட்டும் மாற்றுங்கள். உடம்பு நெருக்கமாக அடங்குகிற மாதிரி சூட்டுப் பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என்று இரண்டு மறைவிடம் வையுங்கள். சூட்டுப் பக்கம் 31, 32 டிகிரி இருக்கட்டும். இரை எடுத்தால் இரண்டு நாள் செரிக்க விட்டு, அப்புறம்தான் கை. மேலிருந்து கையை இறக்காதீர்கள், பருந்து அப்படித்தான் வரும். பக்கவாட்டில் போய், கொக்கியால் உடம்பை லேசாகத் தொட்டு இது சாப்பாட்டு நேரம் இல்லை என்று தெரிய வைத்துவிட்டு, நடு உடம்புக்குக் கை கொடுத்துத் தூக்குங்கள். தலைப்பக்கம் போகவே வேண்டாம். ஐந்து நிமிஷம் போதும். கண் பால்பூத்தால் சட்டை உரிக்கப் போகிறது, அப்போது விட்டுவிடுங்கள். கையில் எலி வாசம் வேண்டாம்; உதட்டுக் குழிகளால் சூட்டை உணர்கிற பிராணி, விரலையும் இரை என்றே நினைக்கும்.

அப்போதுதான் அந்தக் கேள்வி.

"உடம்பு சரியில்லன்னா நாங்க வாயத் திறந்து பார்க்கணும்ல? அப்ப மிரளக் கூடாதுங்க" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

சொன்னது உண்மை. ஆனால் வாய்ப்புண் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்றா யாரும் பாம்பு வாங்குகிறார்கள்? கையில் எடுக்கத்தான் வாங்குகிறார்கள். மிரண்ட பாம்பு மெல்லத் தளர்ந்து என் மணிக்கட்டைச் சுற்றும்போது எனக்கும் உள்ளுக்குள் ஒரு பெருமை வரத்தான் செய்கிறது. அந்த ஆசைக்கு நான் மருத்துவக் காரணம் எழுதிக் கொடுத்தேனோ?

வேறென்ன சொல்லியிருக்க முடியும் என்றும் தோன்றுகிறது. வளர்க்காதீர்கள் என்றால் வாட்ஸ்அப்பில் இன்னொருவர் கைக்குப் போகும். காட்டில் விடவும் முடியாது. இருபது, முப்பது வருஷம் வாழ்கிற ஜீவன். அத்தனை காலமும் மனிதக் கை படாமல் ஓட்ட முடியாது. பழக்கியே ஆக வேண்டும்.

பழகியதா என்று எதை வைத்துச் சொல்கிறேன்? நாக்கை நிதானமாக நீட்டி ஊர்ந்தால் சரி, சந்தேகமில்லை. அசையாமல் இருப்பதுதான் குழப்பம். இந்த இனம் பயந்தாலும் அசையாது. தசை இறுக்கத்தைத் தொட்டுச் சொல்லிவிடுவேன் என்று ஜூனியர்களிடம் சொல்வது வழக்கம். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும்.

போன மாதம் அவரிடமிருந்து மெசேஜ். பாம்பு ஒழுங்காகச் சாப்பிடுகிறதாம். பெட்டி கழுவும் நாளைத் தவிரக் கையில் எடுப்பதே இல்லையாம், பார்த்துக்கொண்டிருப்பதே போதும் என்று எழுதியிருந்தார். நான் சொன்னதற்கு மேலேயே செய்திருக்கிறார். அடுத்த செக்கப்புக்கு அது உருண்டையாகத்தான் வரும், வாயைத் திறக்க நான்தான் மல்லுக்கட்ட வேண்டும். வாரம் ஒருமுறையாவது எடுங்கள் என்று பதில் எழுதத் தொடங்கி, அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.