எரிபொருளை மாற்றினால் நைட்ரஜன் ஆக்சைடு குறையுமா?

கப்பல்களுக்கான மாற்று எரிபொருள் பற்றிப் பேச்செடுத்தாலே கார்பன் கணக்குதான் முன்னால் வந்து நிற்கிறது. என்ஜின் அறையில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் எனக்கு முதலில் எழும் கேள்வி வேறு: அந்த எரிபொருளில் ஓடும்போது, மூச்சுக்குழாயைப் பாதிக்கும் நைட்ரஜன் ஆக்சைடு வாயு புகைபோக்கி வழியாக எவ்வளவு வெளியேறும்? நிமிடத்துக்கு 130 சுற்றுக்கும் குறைவாகச் சுழலும் பெரிய என்ஜின்களுக்குச் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் இரண்டாம் கட்ட விதி கிலோவாட்-மணிக்கு 14.4 கிராம் வரை அனுமதிக்கிறது; மூன்றாம் கட்ட விதியோ 3.4 கிராமுக்கு மேல் விடுவதில்லை. 2016 முதல் கட்டப்பட்ட கப்பல்கள் வட அமெரிக்கக் கரையோரத்திலும், 2021 முதல் கட்டப்பட்டவை பால்டிக் கடலிலும் வட கடலிலும் இந்தக் கடைசி வரம்புக்குள் ஓட வேண்டும்.

இந்த ஆக்சைடில் உள்ள நைட்ரஜன் பெரும்பாலும் எரிபொருளிலிருந்து வருவதில்லை, காற்றிலிருந்தே வருகிறது. எளிதில் எதனோடும் சேராத அந்த வாயு, சுடரின் வெப்பம் ஏறத்தாழ 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் ஆக்சிஜனோடு கணிசமாகச் சேரத் தொடங்குகிறது. அதற்குமேல் வெப்பம் ஏற ஏற அந்த வினையின் வேகம் மளமளவென்று கூடுகிறது. 1940களில் சோவியத் அறிவியலாளர் யாகோவ் செல்தோவிச் விளக்கிய வழிமுறை இது. எண்ணெய்ச் செலவைக் குறைப்பதற்காகச் சிலிண்டரின் உச்ச அழுத்தத்தை உயர்த்தினால் சுடர் இன்னும் சூடாகி நைட்ரஜன் ஆக்சைடு ஏறும். எண்ணெயைப் பீய்ச்சும் நேரத்தைச் சற்றுத் தள்ளிவைத்தால் ஆக்சைடு இறங்கும், எண்ணெய்ச் செலவு ஏறும்.

ஆகவே ஓர் எரிபொருள் பசுமையானது என்பதாலேயே அது நைட்ரஜன் ஆக்சைடைக் குறைத்துவிடும் என்று நம்புவதற்கில்லை. லாரி என்ஜின்களில் செய்யப்பட்ட சோதனைகளைத் தொகுத்து அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2002இல் வெளியிட்ட ஆய்வில், 20 விழுக்காடு பயோடீசல் கலந்தபோது இது சுமார் 2 விழுக்காடும், முழுவதும் பயோடீசலாக இருந்தபோது சுமார் 10 விழுக்காடும் கூடியிருந்தது. ஹைட்ரஜனின் சுடர் இயற்கை எரிவாயுவின் சுடரைவிடச் சூடானது என்பதால், காற்றை மிகுதியாகக் கலந்து எரித்தால்தான் நைட்ரஜன் ஆக்சைடு கட்டுக்குள் நிற்கும். இயற்கை எரிவாயுவிலும் எரிக்கும் முறைதான் தீர்மானிக்கிறது: குறைந்த அழுத்தத்தில் காற்றோடு முன்கூட்டியே கலந்து எரிக்கும் என்ஜின் வேறு கருவி எதுவும் இன்றி 3.4 கிராமை எட்டிவிடுகிறது, ஆனால் புவியை வெப்பமூட்டும் மீத்தேன் கொஞ்சம் எரியாமல் தப்பிப் போகிறது. உயர் அழுத்தத்தில் எரிவாயுவைப் பீய்ச்சும் என்ஜினில் மீத்தேன் கசிவு குறைவு, நைட்ரஜன் ஆக்சைடுக்கோ தனிக் கருவி தேவைப்படுகிறது.

அந்தத் தனிக் கருவியோடு பழகியவர்களுக்கு அதைத் தவிர்க்கும் ஆசை எவ்வளவு என்பது தெரியும். யூரியாக் கரைசலைப் புகையில் தெளித்து, அதிலிருந்து பிரியும் அமோனியாவைக் கொண்டு வினையூக்கியின் மேல் நைட்ரஜன் ஆக்சைடை மறுபடியும் நைட்ரஜனாக்குவதே அதன் வேலை. கந்தகம் உள்ள எண்ணெயில் ஓடும்போது புகை 300 டிகிரியை ஒட்டியாவது இருக்க வேண்டும்; இல்லையேல் அம்மோனியம் பைசல்பேட் என்ற உப்பு பாகுபோல ஒட்டி வினையூக்கியின் துளைகளை அடைத்துவிடும். நாசில் நுனியில் யூரியா வெள்ளைக் கட்டியாக இறுகிக் கிடந்தால் அதைச் சுரண்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இத்தனைக்கும், துறைமுகத்தை நெருங்கி வேகத்தைக் குறைக்கையில், அதாவது கரையில் இருப்பவர்கள் அந்தப் புகையைச் சுவாசிக்கிற இடத்தில்தான், புகையின் வெப்பம் இறங்கி இந்த ஏற்பாடு தடுமாறுகிறது.

மெத்தனால் என்ற ஆல்கஹால் எரிபொருள் எனக்குப் பிடித்துப்போனதற்கு இதுவே காரணம். ஒரு கிலோ மெத்தனால் ஆவியாவதற்கு ஏறத்தாழ 1,100 கிலோஜூல் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. இது டீசல் எடுத்துக்கொள்வதைப்போல நான்கு மடங்கு. அந்த அளவுக்குச் சுடர் குளிர்கிறது. இருந்தாலும் 3.4 கிராமுக்கு இறங்க அது மட்டும் போதாது. மெத்தனால் தண்ணீரோடு எந்த விகிதத்திலும் கலக்கும் என்பது இங்கே கைகொடுக்கிறது: என்ஜின் தயாரிப்பாளரான மேன் (இப்போதைய பெயர் எவர்லென்ஸ்) நிறுவனத்தின் டூ-ஸ்ட்ரோக் மெத்தனால் என்ஜின்களில், எரிபொருளோடு தண்ணீரைச் சேர்த்தே பீய்ச்சிச் சுடரை மேலும் குளிர்வித்து, வினையூக்கி இல்லாமல் மூன்றாம் கட்ட வரம்பை எட்டும் வழி இருக்கிறது. எண்ணெயோடு தண்ணீரைக் குழம்பாக்கி, அது பிரியாமல் காப்பதில் உள்ள தொல்லை இதில் இல்லை. ஆனால் இந்தத் தண்ணீரைக் கப்பலிலேயே கடல்நீரிலிருந்து காய்ச்சி எடுக்க வேண்டும், அதை ஆவியாக்கும் வெப்பமும் எரிபொருள் கணக்கில் ஏறும். மெத்தனாலின் வெப்ப மதிப்பே கிலோவுக்கு 20 மெகாஜூல் அளவுதான், டீசலில் பாதிகூட இல்லை; தொட்டிகள் இரண்டு மடங்குக்கும் பெரிதாக வேண்டும். இவ்வளவையும் ஏற்றுக்கொண்டு கப்பல்கள் ஓடத்தான் செய்கின்றன: ஸ்வீடனின் கோதன்பர்க்குக்கும் ஜெர்மனியின் கீலுக்கும் இடையே செல்லும் ஸ்டெனா ஜெர்மானிக்கா 2015இல் மெத்தனாலுக்கு மாற்றப்பட்டது, சரக்குப் பெட்டகக் கப்பலான லாரா மெர்ஸ்க் 2023இல் மெத்தனால் என்ஜினோடே பிறந்தது.

அமோனியாவை நான் அவ்வளவு ஆவலோடு எதிர்பார்க்கவில்லை. அதன் மூலக்கூறிலேயே நைட்ரஜன் இருப்பதால் வெப்பத்தைக் குறைப்பது மட்டும் போதாது. போதாக்குறைக்கு, எரிதல் சரியாக அமையாவிட்டால், கரியமில வாயுவைவிட 273 மடங்கு புவி வெப்பமூட்டும் நைட்ரஸ் ஆக்சைடும் வரும். ஜப்பானில் சாகிகாகே என்ற இழுவைக் கப்பல் 2024 முதல் அமோனியாவில் ஓடுகிறது என்பதால் இது ஆகாத காரியம் என்று சொல்வதற்கில்லை. வினையூக்கிக்கு வேண்டிய அமோனியா எரிபொருள் தொட்டியிலேயே இருப்பதால் யூரியாத் தொட்டிக்கு வேலையில்லாமல் போகலாம். ஆனால் வினையூக்கியைக் கழற்ற முடியாது, நைட்ரஸ் ஆக்சைடைத் தனியாக அளக்கும் கருவியும் புகைக்குழாயில் ஏற வேண்டியிருக்கும்.