புகைபோக்கிக் கழுத்து ஒழுகல் நின்றது, உறைபனிக்கு முன் பாக்கி வேலைகள்

நாலு நாள் விடாத மழைக்குப் பிறகும் புகைபோக்கியைச் சுற்றியுள்ள பரண் பலகை காய்ந்தே இருக்கிறது. சிமெண்ட் பூச்சும் தார் டேப்பும் தோற்ற இடம் இது. மூன்றாவதாகச் செய்த தகடு வேலைதான் தாங்கியது.

இடம் கோத்தகிரிப் பக்கம். மங்களூர் ஓட்டுக் கூரை, சுண்ணாம்புக் காரையில் கட்டிய 3 அடி அகலச் செங்கல் புகைபோக்கி. கூடலூர்ப் பக்கத்துக்கு ஆடி மழை பெரிது. கோத்தகிரி, குன்னூருக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் சோதனை. 2009 நவம்பர் மண்சரிவை இங்கே யாரும் மறக்கவில்லை. இந்த மழை காற்றோடு சேர்ந்து வரும்போது ஓட்டின் மேல் தண்ணீர் கீழ்நோக்கி மட்டும் ஓடாது, பக்கவாட்டிலும் மேல்நோக்கியும் தள்ளப்படும். மழை விட்டு வானம் தெளிந்தால் நீர்ப்பனி, அடுத்து உறைபனி. இரண்டுக்கும் நடுவே கிடைக்கிற வெயில் நாட்களில்தான் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும்.

முதலில் ஒழுகல் எங்கிருந்து என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மழை தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே சொட்டினால் கூரையும் புகைபோக்கியும் சேரும் கழுத்தில் கோளாறு. மழை விட்டுப் பல மணி நேரம் கழித்து உள்சுவரில் ஓதம் ஏறினால் செங்கல் தண்ணீர் குடித்திருக்கிறது, அல்லது புகைபோக்கித் தலைப்பில் வெடிப்பு இருக்கிறது. இந்த இரண்டாவது வகைக்குக் கழுத்தில் எவ்வளவு தகடு அடித்தாலும் பலன் இல்லை. நிறையப் பேர் பணத்தை விடுவது இங்கேதான்.

சிமெண்ட் ஏன் நிற்கவில்லை? கூரைச் சட்டம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். புகைபோக்கி தனி அஸ்திவாரத்தில் நிற்கிறது, தீ மூட்டினால் சூட்டில் விரியும். இரண்டும் வேறு வேறு திசையில் அசைகிறவை. நடுவில் பூசி ஒட்டினால் மயிரிழை வெடிப்பு விழும்; அந்த வெடிப்பு தண்ணீரை உறிஞ்சி உள்ளே பிடித்துவைக்கும். தார் டேப்பும் சிலிக்கானும் தூள் உதிர்கிற பழைய செங்கல்லைப் பிடிக்கவே பிடிக்காது. ஆக, ஒட்டக் கூடாது. கூரையோடு போகிற தகடு ஒன்று, புகைபோக்கியோடு நிற்கிற தகடு ஒன்று. மேல் தகடு கீழ்த் தகட்டின் மேல் கவிழ வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒரு ஸ்க்ரூகூடப் போடக் கூடாது.

கீழ்த் தகடு: புகைபோக்கியைச் சுற்றி இரண்டு வரிசை ஓடுகளை எடுத்துவிட்டு வேலை தொடங்கியது. முன்பக்கத் தகடு செங்கல் மேல் 6 இன்ச் ஏறி, கீழே ஓட்டின் மேல் 8 இன்ச் படர வேண்டும். மங்களூர் ஓட்டுக்கு மேடும் பள்ளமும் இருப்பதால் பக்கவாட்டில் தகட்டை ஓட்டின் மேல் படியவைக்க முடியாது. அங்கே ஓடை மாதிரி மடித்து, ஓட்டுக்கு அடியில் 6 இன்ச் போகவிட்டு, உள் விளிம்பை 1 இன்ச் மேல்நோக்கித் திருப்பிவிட வேண்டும். அந்தத் திருப்பம்தான் உயிர்நாடி. அது இல்லாவிட்டால் காற்று தள்ளுகிற தண்ணீர் நேராகப் பரணில் இறங்கும். ஓட்டின் வெட்டு விளிம்புக்கும் செங்கல்லுக்கும் நடுவே ஒன்றரை இன்ச் இடைவெளி திறந்தே இருக்கட்டும். பார்க்க அழகாக இல்லை என்று கொத்தனார் சிமெண்ட் வைத்து மூட வருவார், விடாதீர்கள்.

பின்பக்கம், அதாவது மேட்டுப் பக்கம்தான் இருப்பதிலேயே மோசம். 3 அடி அகலச் சுவரில் மோதும் தண்ணீருக்குப் போக வழியில்லை, கற்பூர மர (யூக்கலிப்டஸ்) இலை வேறு அங்கே வந்து மெத்தை போல அடையும். தட்டையான தகடு போதாது. நடுவில் முதுகு உயர்ந்து இரண்டு பக்கமும் சரிகிற சின்னக் கூரை ஒன்றை மரச்சட்டத்தில் செய்து, அதன் மேல் தகடு போர்த்தி, மேல் விளிம்பை இரண்டாவது ரீப்பர் (ஓடு தாங்கும் குறுக்குச் சட்டம்) வரை ஓட்டுக்கு அடியில் ஏற்றியாயிற்று. இரண்டரை அடிக்கு மேல் அகலமான எந்தப் புகைபோக்கிக்கும் இதைச் செய்துவிடுவது நல்லது.

மேல் தகடு: செங்கல்லை வெட்டாமல் காரை இணைப்பில் மட்டும் 1 இன்ச் ஆழத்துக்குக் காடி, அதாவது நீளவாக்கில் ஒரு பள்ளம். 4 இன்ச் கிரைண்டர் இந்த ஆழத்துக்குத் திணறும். 5 இன்ச் மெஷினும் டைமண்ட் பிளேடும் வாங்கிக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் கூரைச் சரிவுக்கு ஏற்பப் படிப்படியாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு படிக்கும் தனித் தகடு, கீழிருந்து மேலாக, ஒன்றின் மேல் ஒன்று 3 இன்ச் ஏற. கீழ்த் தகட்டின் மேல் கவிழ்வதற்கு 3 இன்ச் என்பது சமவெளிக் கணக்கு. இங்கே அடிக்கிற காற்றுக்கு 4 இன்ச் வைத்தது. காடிக்குள் போகிற விளிம்பைக் கொக்கி போலத் திருப்பி, ஒன்றரை அடிக்கு ஒரு தகட்டு ஆப்பு அடித்து இறுக்கிய பிறகு, ஒரு பக்கம் தவிர மற்றதைச் சுண்ணாம்பும் மணலும் 1:3 கலவையால் அடைத்தாயிற்று. அங்கேயும் சிமெண்ட் வேண்டாம். பழைய செங்கல்லைவிடச் சிமெண்ட் கடினம், ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல் முகம் உதிர்ந்துவிடும். காடிக்குள் போகும் பகுதிக்கு மட்டும் முன்கூட்டியே தார் பெயிண்ட் ஒரு கை.

தகடு பற்றி ஒரு புலம்பல். அலுமினியம் வளைக்கச் சுலபம், ஆனால் ஈரச் சுண்ணாம்பு அதை அரித்துவிடும்; ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடே சரி. 24 கேஜ் என்றால் சுமார் 0.6 மி.மீ. இருக்க வேண்டும். 24 என்று சொல்லிக் கொடுத்த தகட்டை வெர்னியரில் (தடிமன் அளக்கும் கருவி) வைத்தால் 0.45. திருப்பிக் கொடுத்து வேறு கடையில் வாங்க இரண்டு வெயில் நாள் போயிற்று. வெர்னியர் இல்லாமல் தகடு வாங்கப் போகாதீர்கள். மடிப்பைக் கையில் தட்டாமல் மேட்டுப்பாளையம் மாதிரி ஊரில் மடிப்பு மெஷின் வைத்திருப்பவரிடம் அட்டையில் வெட்டிய மாதிரியோடு கொடுத்தால் மூலை விரியாமல் வரும்.

சோதனை ஹோஸ் பைப்பில்தான், கீழிருந்து மேலாக. முன்பக்கம் 10 நிமிடம், பக்கங்கள் 10 நிமிடம், பிறகு பின்பக்கம், கடைசியில் தலைப்பு. பரணில் ஒருவர் டார்ச்சோடு உட்கார வேண்டும். மேலே முதலில் அடித்தால் எல்லாம் நனைந்து, எந்த இடம் குற்றவாளி என்றே தெரியாது.

இனி விறகு. சீகை (வாட்டில்) மரமும் கற்பூரமும் ஐப்பசியில் வெட்டி மார்கழியில் எரிக்கலாம் என்ற நினைப்பு பலிக்காது. காற்றில் ஈரப்பதம் 90 சதவீதத்தில் நிற்கும்போது மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்காது. 20-க்கு மேல் இருக்கிற விறகு புகைபோக்கிக்குள் கீல் (தார் போன்ற புகைப் பிசின்) படியவைக்கும், அதுதான் பிறகு தீப்பிடிக்கும். தை, மாசியில் வெட்டிப் பச்சையாகவே பிளந்துவிட வேண்டும். காய்ந்த கற்பூரம் முறுக்கிக்கொண்டு கோடரியைப் பிடித்துக்கொள்ளும். அடுக்கைத் தரையிலிருந்து அரை அடி தூக்கி, மேலே மட்டும் தார்ப்பாய் போடவும், நாலு பக்கமும் காற்று ஓடட்டும். விறகு பச்சையாக இருக்கிறதே என்று கதவை அடைத்து அறைக்குள் கரி அடுப்பு வைக்கவே கூடாது. அதன் வாயுவுக்கு மணம் இல்லை, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

தண்ணீர்க் குழாய் அடுத்த வேலை. இங்கே மண் உறைவதில்லை, வெளியே கிடக்கிற ஹோஸும் பிவிசியும்தான் உறையும். முக்கால் அடி ஆழத்தில் புதைத்து, வெளியே தெரிகிற முழங்கை வளைவுகளுக்கு நுரைக் குழாய் சுற்றி, தாழ்வான முனையில் தண்ணீரை வடித்துவிட வால்வு ஒன்று வைக்கத் திட்டம். சோலார் ஹீட்டர் வாங்குவதானால் தட்டைப் பலகை வகை வேண்டாம். தெளிந்த வானத்து இரவில் காற்று உறைநிலைக்கு வராதபோதே அதன் செப்புக் குழாய் உறைந்து வெடிக்கும். தேயிலை நாற்றுக்குத் தாகை (பெரணிச் செடி) வெட்டி மூடுவது வழக்கம்போல.

புகைபோக்கியில் ஒரு பக்கத்துக் காடி இன்னும் அடைக்கவில்லை. குளிர் 5 டிகிரிக்குக் கீழே போனால் சுண்ணாம்பு இறுகாது, ஆகவே உறைபனிக்கு மூன்று வாரம் முன்பாவது அடைத்து, ஈரச் சாக்கும் அதன் மேல் பிளாஸ்டிக் தாளும் கட்டிவைக்க வேண்டும். அதுவரை கணப்படுப்பில் தீ இல்லை. பிறகும் முதல் வாரம் சுள்ளித் தீ மட்டும்.