கினிப்பன்றி தீனியை ஒதுக்கினால்: தராசு முதல் கடைசி நாள் வரை

கினிப்பன்றிக்கு உடம்பு சரியில்லை என்பது முகத்தில் தெரிய வரும்போது நோய் பாதி தூரம் போயிருக்கும். இரையாகும் பிராணி என்பதால் பலவீனத்தை மறைப்பது அதன் சுபாவம். உலர்புல்லுக்கு முன்னால் வந்து உட்காரும், ஒரு இழையை எடுக்கும், இரண்டு கடி கடிக்கும், கீழே போட்டுவிடும். தள்ளி நின்று பார்த்தால் சாப்பிடுகிற மாதிரிதான் இருக்கும். இந்த நாடகம் தராசிடம் மட்டும் எடுபடாது.

கிராம் கணக்கு காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசே போதும். மேலே ஒரு கிண்ணத்தை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு, உள்ளே உட்கார வையுங்கள். வாரம் ஒருமுறை, காலைத் தீனிக்கு முன்பு. நோயாளிக்கும் வயதானதற்கும் தினமும். வளர்ந்த கினிப்பன்றி பெரும்பாலும் 700 முதல் 1,200 கிராம் இருக்கும். வயிறும் சிறுநீர்ப்பையும் நிறைவதும் காலியாவதுமே 30 கிராம் வரை ஏற்றி இறக்கும். அதற்குப் பதற வேண்டாம். ஒரு வாரத்தில் 50 கிராமுக்கு மேல் இறங்கினால் உற்றுக் கவனிக்க வேண்டும். ஒரு கிலோ இருந்தது 900-க்கு வந்துவிட்டதா, அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

அடுத்த சாட்சி புழுக்கை. நல்ல புழுக்கை நீள்வட்டமாக, ஒரே அளவில் இருக்கும். சிறுத்து, ஒரு முனை வால் போலக் கூர்ந்து விழுந்தால் குடலுக்குப் போகும் நார் குறைந்துவிட்டது என்று அர்த்தம். 12 மணி நேரமாக ஒன்றுமே விழவில்லை என்றால் அது அவசரம். இதன் குடல் இடைவிடாமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் வாயு சேரும், வலிக்கும், வலியில் இன்னும் சாப்பிடாது. பல சமயம் முதலில் வந்த நோயை முந்திக்கொண்டு இந்தச் சுழல்தான் உயிரை எடுக்கிறது.

தீனியை ஒதுக்குவதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று பல். பெல்லட்டை (கடையில் விற்கும் உருண்டைத் தீனி) தின்றுவிட்டுப் புல்லை மட்டும் விட்டுவைப்பது, தாடை ரோமம் எச்சிலில் ஊறிக் கிடப்பது, இரண்டும் அதன் அடையாளம். முன்பற்களைப் பார்த்து "நன்றாகத்தானே இருக்கிறது" என்று விட்டுவிடக் கூடாது. கீழ்க் கடைவாய்ப் பற்கள் தேயாமல் வளர்ந்தால் உள்பக்கமாகச் சாய்ந்து, நாக்கின் மேல் பாலம் கட்டிவிடும். அடியில் சிக்கிய நாக்கால் தீனியைத் தள்ள முடியாது. வாய்க்குள் கருவி விட்டு, பெரும்பாலும் மயக்கம் கொடுத்துப் பார்த்தால்தான் இது பிடிபடும். மயக்கம் என்றதும் முதல் நாள் இரவே பட்டினி போடச் சொல்வது நாய், பூனைக்கான வழக்கம். கினிப்பன்றியால் வாந்தி எடுக்க முடியாது. இரவு முழுக்க வயிறு காய்ந்தால் குடல்தான் நிற்கும். அப்படிச் சொன்னால், இதற்குமா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

தானாகச் சாப்பிடாத நாட்களில் ஊட்டித்தான் ஆக வேண்டும். பெல்லட்டைப் பொடித்து வெதுவெதுப்பான நீரில் 15 நிமிடம் ஊறவிட்டு, சிரிஞ்சில் ஏறும் பதத்துக்குக் கூழாக்குங்கள். ஊசியில்லாத 1 மில்லி சிரிஞ்சுதான் கைக்கு அடங்கும். நார் போய் அடைத்துக்கொண்டால் நுனியைக் கொஞ்சம் வெட்டி, ஓரத்தைத் தேய்த்து மழுக்கிவிடலாம். துண்டில் கழுத்துவரை சுற்றி, நான்கு காலும் கீழே இருக்கும்படி மடியில் வையுங்கள். மல்லாத்தவே கூடாது, தலையை அண்ணாத்தவும் கூடாது. முன்பற்களுக்கும் கடைவாய்க்கும் நடுவே பல்லில்லாத இடைவெளி ஒன்று உண்டு. உதட்டோரமாக அந்த வழியில் நுனியை நுழைத்து, 0.2 முதல் 0.5 மில்லி மட்டும் விட்டு, மென்று விழுங்கும்வரை காத்திருங்கள். தாடை அசைவது நின்றபின்தான் அடுத்த சொட்டு. அவசரப்பட்டு அழுத்தினால் கூழ் நுரையீரலுக்குள் போய் நிமோனியாவாகும். நோயிலிருந்து தப்பித்ததை ஊட்டியே இழப்பது இப்படித்தான்.

ஒரு நாளைக்கு ஒரு கிலோ எடைக்கு 50 முதல் 80 மில்லி வரை கூழ் போக வேண்டும். ஐந்தாறு வேளையாகப் பிரித்து, அதில் ஒன்று நடுராத்திரியில். வயிறு மத்தளம் போல இறுகி உப்பியிருந்தால் மட்டும் ஊட்டாதீர்கள். உள்ளே அடைப்பு இருக்கலாம், மருத்துவர் பார்த்த பிறகுதான் எதுவும்.

மனிதரைப் போல இதற்கும் உடம்புக்குள் வைட்டமின் சி தயாராகாது. நல்ல உடம்புக்கு ஒரு கிலோவுக்குத் தினமும் 10 முதல் 30 மில்லிகிராம், நோயில் 50 வரை. தண்ணீர்ப் புட்டியில் கலக்கினால் சீக்கிரம் சிதைந்துவிடும், ருசி மாறியதால் தண்ணீரையும் குடிக்காது. நேராக வாயில் கொடுப்பதே மேல்.

வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்கவே திறக்காதீர்கள். பெனிசிலின், அமாக்ஸிசிலின், கிளிண்டமைசின் ஆகியவற்றை வாய்வழியாகக் கொடுத்தால் குடலில் நல்ல கிருமிகள் அழிந்து, விஷம் கக்கும் கிருமி பெருகி, சில நாளில் முடித்துவிடும். நமக்குச் சாதாரண மாத்திரை, இதற்கு எமன்.

இத்தனைக்கும் பிறகு எடை இறங்கிக்கொண்டே போனால்? வாயில் விட்ட கூழ் விழுங்கப்படாமல் வழிகிறது, காதும் பாதமும் சில்லிடுகின்றன, பக்கவாட்டில் சாய்ந்தது எழவில்லை, வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது. மூக்கால் மட்டுமே சுவாசிக்கப் பழகிய உயிர் வாயைத் திறந்துவிட்டால் தாமதத்துக்கு இடமில்லை. இந்தக் கட்டத்தில் தூங்கவைப்பது, அதாவது ஊசி போட்டு வலியில்லாமல் உயிரை முடித்துவைப்பது பற்றிப் பேசத் தயங்க வேண்டாம். மருத்துவரிடம் கேட்க வேண்டியது ஒன்று: முதலில் மயக்கம் கொடுத்து, நினைவு முழுதும் போன பிறகுதானே கடைசி ஊசி? ரத்தக்குழாய் மிக மெல்லியது என்பதால் ஊசியை வயிற்றிலோ, ஆழ்ந்த மயக்கத்தில் இதயத்திலோ போடுவார்கள். விழித்திருக்கும் பிராணிக்கு இதயத்தில் போடக் கூடாது. கண் மூடாது. சிறுநீர் போகலாம், அடங்கிய பிறகும் ஓரிரு முறை மூச்சு இழுப்பது போல் உடம்பு துள்ளலாம். முன்கூட்டித் தெரிந்திருந்தால் அந்த நிமிடம் கொஞ்சம் தாங்கும்படி இருக்கும்.

ஹாம்ஸ்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குளிர்ந்த அறையில் அது செத்தது போலக் கிடக்கும் உறக்கத்துக்குப் போகும். மூச்சு அபூர்வமாகத்தான் வரும். மீசை அசைகிறதா என்று பல நிமிடம் பாருங்கள், அறையை மெல்லச் சூடாக்குங்கள், அதன்பிறகு முடிவுக்கு வாருங்கள். கினிப்பன்றிக்கு இந்த உறக்கம் கிடையாது.

காரணம் தெரிய உடற்கூறு ஆய்வு வேண்டுமென்றால் உடலை ஃப்ரிட்ஜின் சாதாரண அறையில் வைத்து ஒரு நாளுக்குள் கொண்டுபோங்கள். உறைய வைத்தால் திசு கெட்டு ஒன்றும் தெரியாமல் போகும். புதைப்பதானால் பிளாஸ்டிக் உறை வேண்டாம், மூன்றடி ஆழமாவது தோண்டுங்கள். தூங்கவைக்கும் மருந்து உடலில் தங்கியிருக்கும். தோண்டித் தின்னும் நாய்க்கும் அது விஷம்.

கூட்டாளி இருந்தால், தொற்று நோய் இல்லாத பட்சத்தில், புதைப்பதற்கு முன் உடலை ஒரு மணி நேரம் அதன் பக்கத்தில் விடுங்கள். முகர்ந்து பார்க்கும், மூக்கால் தள்ளிப் பார்க்கும், பிறகு தானாகவே விலகிப் போகும். அன்றிலிருந்து இரண்டு வாரம் அதையும் தினமும் காலையில் தராசில் ஏற்றுங்கள். தனியாக விடப்பட்டது சத்தமில்லாமல் தீனியைக் குறைத்துக்கொள்ளும்.