என்னைப் பற்றி ஒரு பக்கம்

என் நகைச்சுவைக் கட்டுரைகளின் முதல் தொகுப்பு அச்சுக்குப் போகுமுன், ஒரு பக்கத்துக்கு மிகாமல், படிப்பவர் முகம் மலரும்படி தன்னறிமுகம் எழுதித் தருமாறு பதிப்பாளர் கேட்டார். படிப்பையும் தணிக்கை அலுவலக வேலையையும் இரண்டு வரியில் முடித்துக்கொண்டு, சிரிப்பு எனக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கே மீதி இடத்தைக் கொடுத்தேன்.

கும்பகோணத்தில் அப்பா பாத்திரக்கடை வைத்திருந்தார். எவர்சில்வர் குடத்தை மடியில் சாய்த்துக்கொண்டு, சிறு உளியைச் சுத்தியலால் மெல்லத் தட்டி, புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டுவார். கல்யாண அன்பளிப்பு வாங்க வருகிறவர்கள் தாத்தா பெயரில் தொடங்கிப் பேரன் வாங்கிய பட்டம் வரை சொல்லிக்கொண்டே போவார்கள். “அம்மா, இது டம்ளருங்க, கல்வெட்டு இல்ல” என்பார் அப்பா. கேட்டவரே முதலில் சிரித்துவிடுவார். யார் மனமும் நோகாமல் ‘முடியாது’ என்று சொல்ல அந்தக் கல்லாப்பெட்டியின் பக்கத்தில்தான் கற்றுக்கொண்டேன்.

அடுத்தது அத்தை. 2004 மகாமகத்துக்கு வீடு கொள்ளாத அளவுக்கு உறவினர்கள் வந்து தங்கியிருந்தபோது, குளியலறை வாசலில் நீண்ட வரிசையைப் பார்த்து, “மகாமகக் குளத்துலயே முழுகிட்டு வந்தாச்சு, இன்னும் என்ன குளியல்?” என்று அவர் கேட்டதில் பாதி வரிசை சிரித்தபடி கலைந்தது. தமிழில் நகைச்சுவை எழுத்து என்றதும் கல்கி, எஸ்.வி.வி., தேவன் என்று அடுக்குகிறோம், அது நியாயமே. ஆனால், அடுப்படியில் நின்றபடி வீட்டையே சிரிக்கவைத்த பெண்களின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். ஜ.ரா. சுந்தரேசன், தாய் தந்தையர் பெயர்களை இணைத்து ‘பாக்கியம் ராமசாமி’ என்ற புனைபெயரில் எழுதியதை எண்ணிப் பார்த்தேன். என் சொந்தப் பெயரிலேயே எழுதுவதால், அத்தையின் பெயரை அறிமுகத்துக்குள் கொண்டுவருவதே எனக்கு ஏற்ற வழியாகப் பட்டது.

அவரிடம் முழுவதையும் படித்துக் காட்டினேன். எழுத்தில் வருகிறவர்கள் அச்சுக்கு முன்பே அதைக் கேட்டுவிட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். “பேரப் போடு. மாமா குறட்டைய மட்டும் எடுத்துடு, அவருக்கும் பேரன் பேத்தி இருக்கு” என்றார். அது பக்கத்திலேயே நல்ல வரி, ஆனாலும் நீக்கினேன். அந்த இடத்தில் அப்பாவின் டம்ளர் பேச்சு வந்து அமர்ந்தது. பதிப்பாளர் ஒரு சொல்லும் மாற்றாமல் ஏற்றுக்கொண்டார். அத்தையின் பெயரைத் தடித்த எழுத்தில் போடவும் இசைந்தார்.